வாய் வழியே பார்க்கும் சிங்கம்

ஜப்பானியக் காடுகளில் சிங்கம் கிடையாது. ஆனாலும் ஷிண்டோ கோயில் திருவிழா என்றால் சிங்கம் வந்தே தீர வேண்டிய ஊர்கள் அங்கே ஏராளம். தொயாமா மாகாணத்தில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ‘ஷிஷிமாய்’ எனும் சிங்க ஆட்டம் வழங்கிவந்திருக்கிறது. மரமும் துணியும் எப்படி விலங்காகின்றன?

தலை கம்பீரமாகவும் இருக்க வேண்டும். ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு துள்ளவும் வேண்டும். அதனால் பெரும்பாலும் ‘கிரி’ மரத்தில் செதுக்குகிறார்கள். நம் வீட்டுக் கதவுத் தேக்கின் எடையில் அது பாதிகூட வராது. போதாதென்று உள்ளே குடைந்தும் விடுகிறார்கள். கீழ்த்தாடை தனித் துண்டு. ஆடுபவர் உள்ளிருந்து அதை மேல்நோக்கி அடித்தால் ‘டக்’கென்று மரத்தில் மரம் மோதும். தீயவை ஓடுவது அந்தச் சத்தத்துக்குத்தான் என்பது நம்பிக்கை. இத்தகைய தலைகள் பழமையானவை: ஜப்பானின் நாராவில் 752-இல் பெரிய புத்தர் சிலைக்குக் கண்திறப்பு நடந்த காலத்துச் சிங்கத் தலைகள் அங்குள்ள ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன.

தலையின் பளபளப்புக்குக் காரணம் ‘உருஷி’ என்ற மரப்பால் பூச்சு. இது காயும் விதம் விசித்திரமானது. வெயிலில் வைத்தால் பயனில்லை. காற்றில் 70, 80 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். பாலில் உள்ள ஒரு நொதி (வேதிவினையைத் துரிதப்படுத்தும் புரதம்) ஈரம் இருந்தால்தான் வேலை செய்து பூச்சை இறுக்கும். எனவே பூசிய தலையை ஈர அலமாரிக்குள் பூட்டிக் ‘காய’ வைக்கிறார்கள்!

இனி உடம்பு. பல ஊர்களில் இரண்டு பேர் போதும். தொயாமாவின் ஹிமியில் ஒரே துணிக்குள் ஐந்தாறு பேர் நுழைகிறார்கள். ‘பூரான் சிங்கம்’ என்றே அதற்குப் பெயர். அங்கே துணியை உள்ளிருப்பவர்கள் கையாலேயே தூக்கி அலையடிக்க வைப்பார்கள். பக்கத்துத் தொனாமிச் சமவெளியில் முதுகு சரியாமலிருக்க மூங்கில் வளையங்களை மாட்டுவார்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரு தெரியாது. முரசும் குழலும்தான் அவர்களுக்குக் கண். நீண்ட மூக்கு வைத்த ‘தெங்கு’ வேடக்காரர் எதிரே நின்று சீண்ட, சிங்கம் சட்டென்று திரும்பும்போது பத்துப் பன்னிரண்டு கால்கள் ஒரே தாளத்தில் விழ வேண்டும்.

கால்கள் மனிதக் கால்கள் என்று பார்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிறகு ஏன் பயம் வருகிறது? ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. இருட்டில் நடப்பவரின் மூட்டுகளில் சில ஒளிப்புள்ளிகள் மட்டும். அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். அசைந்ததும் கண நேரத்தில் ஓர் ஆள். மூளைக்கு உருவத்தைவிட அசைவே பெரிய சாட்சி. சிங்கத்தை நம்ப வைப்பதும் இதுதான் என்பது என் ஊகம்.

ஆட்டத்தின் உச்சம், பார்ப்பவர்களின் தலையைச் சிங்கம் கடிப்பது. சிங்கம் கடித்தால் நோய் அண்டாது என்று பெற்றோர் குழந்தையை நீட்டுவார்கள். அழாத குழந்தை அபூர்வம். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் சிங்கத்தின் திறந்த வாய் வழியாகத்தான் வெளியே பார்க்கிறார். ஆகவே பிஞ்சுத் தலையை அளந்து, அழுத்தாமல், தாடையை மூடும் அந்த நொடியில்தான் அவருக்குப் பார்வை மறைகிறது.