மழைவெள்ளமும் ஆற்றுவெள்ளமும்: ஓர் ஆங்கில அடைமொழி பற்றிய விளக்கம்

வெள்ளம் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் 'ப்ளூவியல்' என்னும் அடைமொழி வருவதுண்டு. அது மழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஆற்றைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த 'ஃப்ளூவியல்' வேறு. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் முதலெழுத்தே வேற்றுமை. தமிழில் ஆய்தம் விடுபட்டால் அவ்வேற்றுமையும் மறையும். ஆதலின் இவற்றை ஒலிபெயர்க்காது, முறையே மழைவெள்ளம், ஆற்றுவெள்ளம் என எழுதுதலே தகும்.

நிலம் உறிஞ்சும் அளவையும் வடிகால் கொள்ளும் அளவையும் விஞ்சி மழை பெய்யுங்கால், நீர் ஆற்றை அடையுமுன்னரே தெருவிலும் பள்ளத்திலும் பெருகுவது மழைவெள்ளம். ஆறு கரைபுரண்டு பரவுவது ஆற்றுவெள்ளம். ஆறில்லாத ஊரிலும் முன்னது நேரும். ஊரில் ஒரு துளி மழையின்றியும் பின்னது நேரும்.

புனே நகரம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணையும், அதன் கீழுள்ள கடக்வாஸ்லா அணையும் உடைந்தன. முட்டா ஆற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. நீர் வந்தது ஆற்றின் வழியே. காரணமோ அணை உடைப்பு. ஆதலின் அதனை அணையுடைப்பு வெள்ளம் எனத் தனியே குறித்தல் வேண்டும். 2024 ஜூலை 25 அன்று பெருமழைக்கிடையே கடக்வாஸ்லாவிலிருந்து நீர் மிகுதியாகத் திறந்துவிடப்பட்டதால், சிங்ககட் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளுள் ஆற்றுநீர் புகுந்தது. இது ஆற்றுவெள்ளம்.

2019 செப்டம்பர் 25 இரவு நிகழ்ந்தது வேறு வகை. காத்ரஜ் பக்கத்திலும் நகரிலும் கொட்டிய மழை, ஆம்பில் ஓடையைச் சில மணி நேரத்தில் பெருக்கிற்று. புனே நகரிலும் மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓடை பெருகியமையால் இதனைத் திடீர் வெள்ளம் என்றும் கூறுவர். அப்பெயர் வேகத்தைக் காட்டுவது. மழைவெள்ளம் என்பது காரணத்தைக் காட்டுவது. அறிக்கையில் இரண்டையும் குறித்தல் நலம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பேராறுகளின் வெள்ளத்தை மேற்புறத்து நீர்மட்டங்களைக் கொண்டு மத்திய நீர் ஆணையம் முன்னறிவிக்கின்றது. மழைவெள்ளத்திற்கோ வானிலைத் துறையின் மழை எச்சரிக்கையே முதல் அறிகுறி. கிடைக்கும் அவகாசமும் குறைவு. "ஆற்றில் வெள்ளமில்லை" என்ற செய்தியை நம்பி ஓடையோரத்தில் உறங்குவோர்க்கு அச்செய்தியே ஆபத்தாகலாம்.

எனவே களப்பணியாளர் 'வெள்ளம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாது, நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுவாராக. ஆசிரியர்கள் மாணவரிடம், "நம் ஊரில் நீர் முதலில் ஏறும் இடம் எது? அது ஆற்றால் ஏறுகின்றதா, மழையாலா?" என்று வினவலாம். விடை தெரிந்த ஊரில் எச்சரிக்கை உரியவரைச் சென்றடையும்.