கையெழுத்துப் போடும் முன் ஒரு பாடம்

மணவூரில் மின்சார ரயில் ஏறும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் கீபோர்டுப் பை, சென்னையில் ரெக்கார்டிங். மெட்டும் அவனுடையது, குரலும் அவனுடையது. வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டி, “இங்க ஒரு சைன் போடுங்க தம்பி” என்பார்கள். பத்து வருஷம் சுரம் பயின்ற பிள்ளைக்கு அந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இசையைப் பிழைப்பாக எடுக்கிறவர் கற்க வேண்டிய தொழில் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பாட்டு, பல சொத்து

திருத்தணிக்குப் போனால் கந்த சஷ்டி கவசம் காதில் விழாமல் திரும்ப முடியாது. தேவராய சுவாமிகள் எழுதிய அந்த வரிகள் இன்று பொதுச்சொத்து. உங்கள் மெட்டில் நீங்களும் பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய ஒலிப்பதிவை எடுத்து உங்கள் வீடியோவில் சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

புதுப் பாட்டிலும் இப்படித்தான். வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பணம் போட்டுப் பதிவு செய்தவர் என்று ஆளுக்கொரு உரிமை உண்டு. ஒரே வயலில் கிணறு ஒருவர் பேரிலும் தென்னை இன்னொருவர் பேரிலும் இருப்பதைப் போல.

தாளில் என்ன பார்க்க வேண்டும்?

பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். எந்தப் பாட்டு, எந்தெந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடுகளில், எவ்வளவு பணம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வருஷம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் “எல்லா உரிமையும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும்” என்ற வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிடுங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு பேசுங்கள்.

2012இல் வந்த திருத்தம் பெரிய காவல். அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை விற்றாலும், ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. சினிமாப் பாட்டு படத்தோடு சேர்ந்து திரையரங்கில் ஓடுவது மட்டும் விலக்கு. இந்தப் பங்கை வசூலித்துத் தருவது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம். பாடகர்களுக்கு இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. பணம் தேடி வராது. உறுப்பினராகி, பாட்டையும் பதிய வேண்டும்.

மேடைக் கணக்கு

2017இல் அமெரிக்கக் கச்சேரிகளின்போது, தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது நினைவிருக்கும். மேடையில் பாட யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி நெருங்கிய நண்பர்களுக்குள்ளேயே எழுந்தது. கல்யாணத்துக்கும் உண்மையான சமயச் சடங்குக்கும் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை. லைசென்ஸ் எடுப்பது யார் என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தொகை பேசும்போது தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். உதாரணத்துக்கு, கச்சேரி 20,000 ரூபாய். உடன் வாசிக்கும் நான்கு பேருக்கு ஆளுக்கு 3,000 வீதம் 12,000. வேன் 3,000. சாப்பாடு, டீ 1,000. மிச்சம் 4,000. ஒத்திகைக்குப் போன நாட்களும், கீபோர்டு ரிப்பேரும் அந்த நாலாயிரத்துக்குள்தான் அடங்க வேண்டும். இதைப் போட்டுப் பார்த்தவருக்கே அடுத்த கச்சேரிக்கு எவ்வளவு கேட்பது என்று தெரியும். அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மணி நேரம், சவுண்ட் செட் யார் பொறுப்பு, கச்சேரி ரத்தானால் என்ன செய்வது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, “சரி” என்று பதில் வாங்கிவிடுங்கள்.

நாட்டுப்புறக் கலைக்கும் செவ்வியல் கலைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பம்பைக்காரரும் நாதஸ்வரக்காரரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. டிடிஎஸ் பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரிக்கு மேல் போனதைத் திரும்பப் பெறலாம்.

உங்கள் முத்திரை

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது திருத்தணியில்தான் என்பது மரபு. முருகனின் பெயரான ‘குருகுஹ’ என்பதையே கிருதிகளில் முத்திரையாக வைத்தார். சுமார் இருநூறு வருஷம் கழித்தும் அந்த முத்திரையைக் கேட்டதும் இது தீட்சிதர் கிருதி என்கிறோம்.

இன்றைய முத்திரை ஐஎஸ்ஆர்சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட குறியீடு அது. பாட்டை ஆன்லைனில் ஏற்றும்போது அதோடு வரி, மெட்டு, குரல் யாருடையவை என்று கேட்கும் கட்டங்களும் வரும். அவசரத்தில் அவற்றை வெறுமையாக விட்டால், பாட்டு ஊரெல்லாம் ஒலித்தாலும் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தெரியாது. மெட்டுக்குச் செலவழித்த இரவுகளோடு இந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். உடன் வாசித்தவர்களின் பெயரையும்.