வலீமா விருந்தும் வயிற்றின் அளவும்

ஓர் இல்லத்தில் திருமணம் நிச்சயமானதும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பேருக்குச் சோறு? பண்டாரி யார்?" என்பதே. மஹரைப் பற்றிய பேச்சு சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிரியாணியா, நெய்ச்சோறா என்ற ஆலோசனையோ வாரக்கணக்கில் நீளுகிறது.

அதே இல்லத்தில் தகப்பனார் சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவில் சோற்றை விட்டிருப்பார். தாயார் தேநீரில் இனிப்பை நிறுத்தியிருப்பார். மணமகள் உடல் மெலிய வேண்டுமென்று காலை உணவைத் தவிர்த்து வருவாள். நாள்தோறும் வயிற்றுக்குக் கணக்குப் பார்க்கும் நாம், விருந்து என்று வந்ததும் அந்தக் கணக்கை ஏன் மறந்துவிடுகிறோம்? சிந்தித்துப் பாருங்கள்.

நபிகளாரின் விருந்துகள்

ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவைத் துறந்து வெறுங்கையுடன் மதீனா வந்தவர்கள். மதீனத்துத் தோழர் ஒருவர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அதனை ஏற்காமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டு, நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பொருளீட்டினார்கள். அவர்கள் மணமுடித்த செய்தியை அறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா அளிக்குமாறு பணித்தார்கள். ஆகவே விருந்தளிப்பது சுன்னத்தான நற்செயல் என்பதில் ஐயமில்லை.

அவ்விருந்தின் அளவு என்ன? அன்னை ஜைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நபிகளார் அளித்த வலீமாவைப் போன்று வேறு எந்தத் துணைவியாருக்கும் அளிக்கவில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அந்தப் பெரிய விருந்திலும் அறுக்கப்பட்டது ஓர் ஆடுதான். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்காக அளிக்கப்பட்ட வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பின்மீது பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. கையில் இருப்பதற்கேற்ப விருந்தளிப்பதே நபிவழி என்பதை இவை காட்டுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலீமா மணமகனுக்குரிய பொறுப்பு. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டு ஊருக்குச் சோறு போட வேண்டும் என்று மார்க்கம் கூறவில்லை. "எங்கள் பக்கம் முந்நூறு பேர் வருவார்கள்" என்று சம்பந்தியிடம் சொல்லியனுப்பும் மாப்பிள்ளை வீட்டார், அம்முந்நூறு பேருக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பண்டாரியிடம் பேசும்போது

சமையலுக்கு ஆள் அமர்த்தும்போது, கைமணத்தை மட்டும் விசாரிப்பது போதாது. இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா, எண்ணெய் புதியதா, தண்ணீர் தூயதா என்று கேளுங்கள். ஒரு கிலோ அரிசி எத்தனை பேருக்குப் போதும், அதற்கு எவ்வளவு கறி என்று கணக்குக் கேளுங்கள். அழைப்பிதழ்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல், வீடு வீடாக எண்ணி வருவோரின் தொகையைச் சொல்லுங்கள். பத்து தேக்சா பிரியாணி இறக்கினோம் என்பதில் என்ன பெருமை இருக்கிறது?

பேசியவற்றை எழுதிக் கொள்ளுங்கள். தவணைக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு திருமறை (2:282) கட்டளையிடுகிறது. அரிசி, கறி, முன்பணம், கூலி, பரிமாறும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பிற்பாடு மனத்தாங்கல் எழாது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் 'முதஃப்ஃபிஃபீன்' என்ற ஓர் அத்தியாயமே இருக்கிறது. பேசிய எடையில் குறைக்கும் சமையற்காரருக்கும், பேசிய கூலியைக் குறைக்கும் வீட்டாருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன சமுதாயம், விருந்து முடிந்த பின் பண்டாரியைப் பல நாள் நடக்க வைப்பது முறையன்று.

மிஞ்சும் உணவைப் பற்றியும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். சமைத்த சோறும் கறியும் சூடு ஆறி இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருந்தால் அவற்றில் கிருமிகள் பெருகும். மறுநாள் ஊசிப்போனதை ஏழைக்கு அனுப்புவது தர்மமாகாது. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா, உணவுகளில் மிகக் கெட்டது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. ஆகவே தெருவில் உள்ள ஏழைகளை முதற்பந்தியிலேயே அழைத்து அமர்த்துங்கள்.

உண்பவரின் உரிமை

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் பந்தியில் அமர்வோரிலும் அத்தகையோர் பலர் இருப்பர். அவர்கள் "போதும்" என்று கையால் மறித்தாலும், "நம் வீட்டுக் கலியாணத்தில் இப்படியா?" என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் அதனால் துன்புறுவது விருந்தாளியின் உடல் அல்லவா?

விருந்துக்கு அழைக்கப்பட்டவர் செல்ல வேண்டும். சென்றபின் விரும்பினால் உண்ணலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அழைப்பை ஏற்பது கடமை; வயிற்றை நிரப்புவது கடமையன்று. உணவைக் கட்டுப்படுத்தி வருபவர் இதற்காகத் திருமணங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. சென்று அமர்ந்து, நான்கு கவளம் உண்டு, மணமக்களுக்கு துஆச் செய்து எழலாம். உணவைக் குறை கூறாமல், விரும்பினால் உண்டு, விரும்பாவிட்டால் விட்டுவிடுவது நபிகளாரின் வழக்கமாக இருந்தது.

வீட்டாரும் இதற்கு இடமளியுங்கள். முதலில் சிறிதளவே பரிமாறி, கேட்பவருக்கு மீண்டும் வையுங்கள். சஹனில் கூடி உண்ணும் ஊர்களிலும் இவ்வாறே செய்யலாம். தயிர்ப்பச்சடியையும் காய்கறியையும் தாராளமாக வைத்து, இனிப்பைக் கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். வீணாவதும் குறையும், கடனும் குறையும்.

மணமகளாகும் மகளே, உனக்கும் ஒரு சொல். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி மிகையைத் தடுக்கிறது, பட்டினியைப் போதிக்கவில்லை. இடைவிடாது நோன்பு வைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டு என்று நபிகளார் எடுத்துரைத்தார்கள். வணக்கத்திற்காகக்கூட உடலை வருத்த அனுமதியில்லை என்றால், மணநாள் புகைப்படத்திற்காக வருத்தலாமா?

உண்ணவும் பருகவும் அனுமதித்து வீண்விரயத்தைத் தடுக்கும் இறைவசனம் (7:31), நாள்தோறும் உண்ணும் உணவுக்கும் திருமண விருந்துக்கும் பொதுவானது. உங்கள் இல்லத் திருமணத்தில் பண்டாரியை அழைக்குமுன் அந்த வசனத்தை ஒருமுறை குடும்பத்தோடு ஓதிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் விருந்துகளில் பரக்கத்தையும், நம் உடல்களில் நலத்தையும், மணமக்களின் வாழ்வில் அன்பையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.