ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி

பதுளை நகரிலிருந்தும் பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் வரும் மாணவர் சிலர் இந்நாட்களில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். "சேர், வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது. அதில் விண்டோஸ் உள்ளது. லினக்ஸும் பழக வேண்டும். என்ன செய்யலாம்?" என்பதே அது.

வினா சிறிது, அதன் பின்னால் இருப்பது சிறிதன்று. அம்மா கொழுந்தெடுத்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய கணினி அது. பெரும்பாலும் வேறொருவர் பாவித்துக் கைமாறியது. அக்காவின் வேலை விண்ணப்பங்களும், தம்பியின் பாடங்களும், தாத்தாவின் கடைசிப் புகைப்படங்களும் அதற்குள்தான் உள்ளன. வன்தட்டைப் பிரித்து, விண்டோஸுக்கு அருகிலேயே இரண்டாவது பணிசெயல் முறைமையை நிறுவ முடியும் என்பது மெய்யே. பழகிய கைகளுக்கு அது எளிது. பழகாத கை தவறான பகுதியை அழித்துவிட்டால்? நடுவில் மின்சாரம் நின்று, பழைய மின்கலமும் கைவிட்டுவிட்டால்? ஆகவே முதலில் மெய்நிகர் கணினியை நாடுவதே தக்கது என்பது எமது கருத்து.

மெய்நிகர் கணினி என்பது, கணினியைப் போல் நடிக்கும் ஒரு மென்பொருளின் வேலை. அதனுள் குடியேறும் லினக்ஸ், தனக்கெனத் தனி நினைவகமும் வன்தட்டும் திரையும் இருப்பதாகவே எண்ணிக்கொள்கின்றது. உண்மையில் அந்த வன்தட்டு விண்டோஸில் கிடக்கும் ஒரு கோப்பு மாத்திரமே. மேலே புகையிரத நிலையமும் அதன் நேர் கீழே சுரங்கமுமாக அமைந்த தெமோதரையைக் கண்ட நம்மவர்க்கு, ஓரிடத்தில் இரண்டு இயங்குவது வியப்பன்று. வெளியில் உள்ள முறைமையை விருந்தளிப்பவர் என்றும், உள்ளே இருப்பதை விருந்தினர் என்றும் இத்துறையினர் அழைப்பர். விருந்தினர் கெட்டுப்போனால் அக்கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அக்காவின் விண்ணப்பம் இருந்தபடியே இருக்கும். இரண்டுக்கும் பொதுவாகக் கோப்புறை ஒன்றைத் திறந்து வைத்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதில் உள்ளவற்றை விருந்தினரும் அழிக்க வல்லவர். இவ்வெண்ணம் புதியதும் அன்று. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 1972-ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறைமையை அறிவித்தது.

எந்த மென்பொருளைத் தெரிவது? வர்ச்சுவல்பாக்ஸ் 2007-ல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றால் வெளியிடப்பட்டு, சன் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2010 முதல் ஒராக்கிளிடம் உள்ளது. அடிப்படைத் தொகுப்பு இலவசம், மூலநிரலும் திறந்தது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் நெடுங்காலம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிருந்தது. 2024 நவம்பர் முதல் அதுவும் எல்லோர்க்கும் இலவசம். ஆயின் பிராட்காம் தளத்தில் பதிவு செய்தே பெறவேண்டும். திரைக்காட்சி அதில் சற்று விரைவு என்பதை மறுப்பதற்கில்லை. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸின் ஹோம் பதிப்பில் தரப்படுவதில்லை. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பதோ அந்தப் பதிப்பே. கட்டளை வரிகளை மட்டும் பழக விரும்புவோர்க்கு இவை எதுவுமே வேண்டாம்; விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் போதும்.

தொடங்குவோர்க்கு நாம் வர்ச்சுவல்பாக்ஸையே சொல்வோம். நாளை ஒருவர் லினக்ஸுக்கே முழுமையாக மாறினாலும், அங்கும் அதே மென்பொருள் கைகொடுக்கும். அதன் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைச் சின்னம் தோன்றினால் மாணவர் அஞ்சுகின்றனர். ஹைப்பர்-வி பின்னணியில் விழித்திருக்கின்றது, வேகம் குறையும் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

மென்பொருளைவிட ரேம் என்னும் நினைவகமே முக்கியம். இருவரும் ஒரே பானையில் உண்கின்றனர் அல்லவா? 8 ஜிபி இருந்தால் விருந்தினர்க்கு 3 ஜிபி கொடுக்கலாம். லுபுண்டு, அல்லது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புப் போன்ற சிறு உணவினரை அழைப்பது நலம். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் மெய்நிகர் கணினி வேண்டாம், இரண்டும் தவழும். அதற்குப் பதில் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அப்போது "நிறுவு" என்பதை அழுத்தாதிருத்தல் வேண்டும். எல்லாம் சரியாயிருந்தும் மெய்நிகர் கணினி தொடங்க மறுத்தால், கணினியின் பயாஸ் அமைப்பில் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்னும் வசதி மூடிக் கிடக்கின்றதா என்று பார்க்க.

நிலைப்படம் எடுத்து வைத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அதுவும் அதே வன்தட்டில் இருப்பதால், வன்தட்டு பழுதானால் கூடவே போகும். புகைப்படங்களுக்கு வேறொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

லினக்ஸ் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். கைத்தொலைபேசி டேட்டாவில் அது பெருஞ்செலவு. லயத்து நண்பர் ஐவரில் ஒருவர் நகரத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தால் மற்ற நால்வரும் பிரதி செய்துகொள்ளலாம். அப்படிக் கொடுப்பதை அதன் உரிமமே அனுமதிக்கின்றது.