இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தாகுமா?

 

விருத்தாசலம் என்றதும் பீங்கான் தொழில் நினைவுக்கு வரும். களிமண் குழம்பை அச்சில் வார்ப்போரும், தரையில் அமர்ந்து பொம்மைகளின் ஓரங்களை ஈரப் பஞ்சால் சீர்செய்யும் பெண்களும், சூளைக்குச் சரக்கு அடுக்குவோரும் நாள் முழுவதும் குனிந்து நிமிர வேண்டியவர்கள். நிரம்பிய அச்சைக் குனிந்தபடியே தூக்கி, இடுப்பைத் திருப்பி வைக்கும்பொழுது முதுகின் அடிப்பகுதி பெரும் பளுவைத் தாங்குகிறது. வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கும் நம் தாய்மார்கள் நிலையும் அதுவே.

"ஹஜ்ரத், இடுப்பு வலிக்கிறது, நாற்காலியில் அமர்ந்து தொழலாமா?" எனக் கேட்போர் பலர். மார்க்கம் இடம் தருகிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆனால் சலுகை பெற்றதோடு நம் கடமை முடிந்துவிடுமா? "சிகிச்சை என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால், "பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. பிழை இங்குதான் உள்ளது.

வலி கடுமையாக உள்ள ஓரிரு நாட்கள் ஓய்வு கொள்வதில் தவறில்லை. வாரக் கணக்கில் படுத்தே கிடந்தால் முதுகையும் வயிற்றையும் தாங்கும் தசைகள் தளர்ந்துபோகும். தளர்ந்த தசையால் வலி நீடிக்கும். வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் தசை மேலும் தளரும். தினக்கூலியை நம்பிய குடும்பத்தில் இதன் விளைவு அடுப்படி வரை எட்டும்.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இவ்வலியால் துன்புற்றனர். வேறு நோய் காரணமாகாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளிக்குத் தன் வலியைப் பற்றிய விளக்கம், முறையான உடற்பயிற்சி, தேர்ந்தவர் செய்யும் மசாஜ் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது.

நடையின் பயனையும் அறிந்துகொள்ளுங்கள். 2024இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடைபெற்றது. பிஸியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடை பழகியவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாட்கள் ஆயின. பழகாதவர்களுக்கு 112 நாட்களே.

எளிய பயிற்சி ஒன்று: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வயிற்றுத் தசையை இறுக்கி, இடுப்பின் பின்புறத்தைத் தரையோடு மெல்ல அழுத்தி ஐந்து வினாடி நிறுத்தித் தளர்த்துங்கள். பத்து முறை போதும். வலி மிகுந்தால் நிறுத்திவிடுங்கள். பளு தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள். திரும்ப வேண்டுமாயின் இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்துங்கள்.

எச்சரிக்கை! கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் பயிற்சி வேண்டாம். தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். முதுகெலும்பில் காசநோய் பற்றுவதும் உண்டு.

செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனையை அணுகலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழகத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

தொழுகை உடற்பயிற்சி அன்று. அது வல்லோனுக்குச் செய்யும் வணக்கம். அதில் முழுமையாக ருகூவும் ஸுஜூதும் செய்யும் பாக்கியத்தை மீண்டும் பெற முயல்வது நம் பொறுப்பு. இன்று நாற்காலியில் தொழுபவர், நாளை மீண்டும் ஸஃப்பில் நிற்பதற்கான சிகிச்சையை இன்றே தொடங்கட்டும். நோயைத் தந்த அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடி எழுந்து நடப்போம், இன்ஷா அல்லாஹ்!