உறக்கமும் ஒரு பயிற்சியே

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் பாராமல் ஷிப்ட் முறையில் இயங்கும் நெய்வேலி நகரியத்தில், இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புபவரின் கண் எரிச்சலை அறியாத குடும்பம் அநேகமாக இராது. ஆயினும் அதே வீட்டுப் பிள்ளை நள்ளிரவு வரை பாடம் படித்துவிட்டு, விடியுமுன் கூடைப்பந்து மைதானத்தில் வந்து நிற்கையில், அவன் எறியும் பந்து குறி தவறுவதற்கு நித்திரைக் குறைவும் காரணமாகலாம் என்று நினைப்பவர் அபூர்வம்.

களைப்பை அளந்தறிய 'ஃப்ரீ த்ரோ'வைவிட நேர்த்தியான பரீட்சை வேறில்லை. மறிப்பார் எவருமின்றி, 4.6 மீட்டர் தூரத்தில் நின்று, 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையத்தில் பந்தைப் போட வேண்டும். மடங்கிய முழங்காலில் பிறக்கும் விசை இடுப்பு, தோள் வழியே மணிக்கட்டை அடைகிறது. கால் சோர்ந்தால் அக்குறையைக் கை ஈடுகட்ட முயல, பந்து தாழப் பறந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி விழுகிறது.

அப்படியாயின், ஆட்டநேரம் நீளுந்தோறும் குறி தவறும் என்று விதி செய்துவிடலாமா? நெய்வேலியில் மின் உற்பத்தி தொடங்கிய அதே 1962-ஆம் ஆண்டு, மார்ச் 2-ஆம் தேதி, அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லின் 48 நிமிஷமும் இடைவிடாது ஆடி 100 புள்ளிகள் குவித்தார். ஃப்ரீ த்ரோவில் பலவீனர் என்று பெயரெடுத்த அவர், அன்று 32 வாய்ப்புகளில் 28-ஐ வெற்றியாக்கினார். அந்தப் பருவத்தில் அவர் கைக்கொண்டிருந்தது, இரு கைகளாலும் பந்தைக் கீழிருந்து வீசும் முறை. ஒருவரின் அனுபவம் பொதுவிதி ஆகாது; ஆனால் ஆடிய நிமிஷங்களை மட்டும் எண்ணித் திறமையை நிர்ணயிக்க இயலாது என்பதற்கு அது தக்க சாட்சி.

ஓய்வின் மகிமையையோ, 2011-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி எடுத்துரைக்கிறது. கூடைப்பந்து அணி மாணவர் 11 பேர், 5 முதல் 7 வாரங்கள் வரை, இரவுதோறும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றனர். ஃப்ரீ த்ரோவில் 100-க்கு 9 எறிவுகள் கூடுதலாக வளையத்தில் விழுந்தன. மூன்று புள்ளி எறிவிலும் ஏறத்தாழ அதே முன்னேற்றம். ஒப்பிட்டு நோக்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆராய்ச்சிதான் எனினும், அதன் திசை தெளிவானது.

ஆட்டத்தினிடையே பெஞ்சில் அமர்த்துவது மூச்சை மீட்டுத் தரும். பல இரவுகளாகச் சேர்ந்த நித்திரைக் கடனை அது தீர்க்காது. ஆகவே, பிள்ளை எத்தனை பந்து எறிந்தான் என்று குறித்துக்கொள்ளும் பயிற்சியாளர், எத்தனை மணி உறங்கினான் என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும். உறங்காமல் வந்தவனைக் கண்டித்து ஓடவிடாமல், அன்றைய பயிற்சியைக் குறைக்கும் துணிவும் அவருக்கு வேண்டும். ஷிப்ட் வேலையின் சிரமத்தை நன்கறிந்த நெய்வேலிப் பெற்றோர் இதற்குத் துணைநிற்பது, தங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருபகாரமாகும்.