துண்டுச்சீட்டிலிருந்து சுயவிபரக் கோவை வரை: ஹல்துமுல்லையில் அன்றும் இன்றும்

நூறு வருஷத்துக்கும் முன்னர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக நினைத்தவரிடமும் ஒரு தாள் கேட்கப்பட்டது. ஆனால் அந்தத் தாளை அவர் எழுதவில்லை. அதை அவர் வாசித்ததும் இல்லை. பெரும்பாலும் அது அவர் கையில்கூட இருக்கவில்லை. கங்காணியின் மடியில் இருந்தது. துண்டு என்று அதற்குப் பெயர்.

துரை எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டின் சாரம் இதுதான்: இந்தக் கங்காணியின் கீழ் இன்னின்ன ஆட்கள் இருக்கிறார்கள், இவர்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடச் சம்மதம். கவ்வாத்து வெட்டுவதில் ஒருவருக்கு இருந்த கைத்திறனோ, கொழுந்தில் ஒரு பெண்ணுக்கு இருந்த வேகமோ அதில் வராது. கடன்தான் வரும். கங்காணி துண்டோடு தோட்டந் தோட்டமாகப் போய், கூடுதலாக முன்பணம் தருகிற துரையிடம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கைமாறக் கைமாறக் கடனும் ஏறும். 1921இல்தான் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு போனாலும், நம்மவரைப் பற்றி மற்றவர் எழுதும் வழக்கம் போகவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை இருந்தது. தோட்டத்துக்குள் வந்த பிறகு செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடு இருந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் நின்றால்தான் அதில் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். விலகினாலோ விலக்கப்பட்டாலோ பற்றுச்சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிவது கஷ்டம். ஒருவர் முப்பது வருஷம் உழைத்தார் என்பதற்கு இருந்த சாட்சியெல்லாம் கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் எழுதியவைதான். பிழையாக எழுதினால் அந்தப் பிழையோடுதான் வாழவேண்டும். இன்றுகூட ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் ஒரு பாட்டி, செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பதால் அலைக்கழிகிறார்.

தோட்டத்துக்கு வெளியே வேலை தேடலாமே என்றால், அங்கே மதில் இன்னும் உயரம். அரசாங்க வேலைக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். அதில் கல்வித் தகைமைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கும்: விண்ணப்பதாரி இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தில் பெரும்பாலானோரை அந்த ஒரு வரியிலேயே வெளியே நிறுத்திவிட்டது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். எந்தப் பங்கில் தான் வருவேன் என்று தெரியாமல் காத்திருந்த இளைஞன் எந்த விண்ணப்பத்தை நிரப்புவான்? 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள்தான் அந்தக் கணக்கை ஒருவாறு முடித்தன. நம் சமூகத்தில் விண்ணப்பம் எழுதும் பழக்கம் ஏன் இத்தனை பிந்தி வந்தது என்று கேட்பவர்கள் இந்த நாற்பது, ஐம்பது வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் 1970களிலிருந்துதான். அதற்கு முன் பல இடங்களில் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு சரி.

பிரசாவுரிமை கிடைத்து, சாதாரண தரமும் சித்தியடைந்த முதல் தலைமுறைக்கு வேறு தொல்லைகள் இருந்தன. மாதிரிப் படிவத்தைப் பார்த்துக் கோடு போட்டு, கையால் எழுதி, கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். பதில் வரவேண்டிய முகவரி எது? லயத்துக்கு இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டும் போட்ட கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ மாறி, நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்த கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் உண்டு. இதனாலேயே பலர் டவுனில் தெரிந்த கடைக்காரரின் முகவரியைக் கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவரின் சிபாரிசுக் கடிதமும் கூடவே போகும். பெறுபேற்றை விட அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி அதிகம் என்று ஒரு முழுத் தலைமுறை நம்பியது. அவர்கள் கண்ட உலகம் அப்படி இருந்தது.

ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலகப் பிரிவுக்குள் வரும் மீரியபெத்தையை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களுக்குப் பிறகு எதையும் கணக்கில் எடுக்கக் கூடாதுதான். ஆனாலும் தப்பியவர்கள் நிவாரண முகாமில் இருந்தபோது அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை, பாடசாலை விடுகைப் பத்திரம் இல்லை. இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அத்தனையும் மண்ணுக்குள் போயிற்று. ஒரு பிள்ளை தான் யார் என்று காட்டுவதற்கு மறுபடியும் ஒவ்வொரு திணைக்களமாக ஏற வேண்டியிருந்தது. சரிவு அபாயம் உள்ள மலையில் வாழ்கிற நாம் சான்றிதழ்களைப் படம் பிடித்து, நமக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. பரீட்சைச் சுட்டிலக்கத்தையும் ஆண்டையும் தனியாகக் குறித்து வையுங்கள். அவை இருந்தால் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மீண்டும் பெறலாம்.

இன்றைய நிலை வேறு. டவுனில் கொமினிகேஷன் கடைக்குப் போனால் அரைமணி நேரத்தில் சுயவிபரக் கோவை கையில் வருகிறது. போனிலேயே செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். டொப்ஜொப்ஸ் தளத்தில் கொழும்பு வேலை தெரிகிறது. வர்த்தமானியும் போனிலேயே திறக்கிறது. ஒரு முகவரி இல்லாமல் தவித்த இடத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் போதுமாக இருக்கிறது. இது பெரிய மாற்றம்.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை என்பதுதான் என் கவலை. இப்போதும் நம் பிள்ளைகளைப் பற்றி வேறொருவரே எழுதுகிறார். கடைக்காரரின் கணினியில் ஒரு பழைய கோவை இருக்கிறது. அதில் பெயரை மாற்றுகிறார், பிறந்த திகதியை மாற்றுகிறார், பெறுபேற்றை மாற்றுகிறார். மற்றதெல்லாம் முன்னால் வந்தவருடையது. ஒரே பாடசாலையில் படித்த பத்துப் பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு, ஒரே ஆங்கிலப் பந்தி, ஒரே இரண்டு பரிந்துரையாளர்கள். முன்னவரின் சமயமோ அடையாள அட்டை இலக்கமோ அழிபடாமல் கிடந்த கோவைகளையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தட்டச்சுக்குத்தான் காசு வாங்குகிறார், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை அவருக்கு எப்படித் தெரியும்? செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதைத்தான் இன்னும் அழகான ஆங்கிலத்தில் செய்கின்றன. நேர்முகத்தில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பிள்ளை திணறுகிறது. தன் வாயால் விளக்க முடியாத ஒரு சொல்லையும் தன் கோவையில் யாரும் வைக்கக் கூடாது.

முதலில் எந்தத் தாள் எந்த வேலைக்கு என்று தெரிய வேண்டும். நம் நாட்டில் எல்லாவற்றையும் சீவீ என்றே சொல்கிறோம். அரசாங்க வேலைக்குக் கோவை வேலை செய்யாது. வர்த்தமானியில் உள்ள மாதிரிப் படிவத்தை இலக்கம் மாறாமல், கேட்ட மொழியில், முடிவுத் திகதிக்கு முன் நிரப்பவேண்டும். அதில் ஒரு கூடு வெறுமையாக இருந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படலாம். தனியார் நிறுவனத்துக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கும் ஆய்வுக்கும் மட்டும்தான் எழுதிய கட்டுரை, கலந்துகொண்ட மாநாடு என்று நீளமான கோவை தேவைப்படும். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வரும் நம் பிள்ளைகள் ஒரு பக்கக் கோவையையும் இந்த நீளமான கோவையையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, உள்ளே என்ன எழுதுவது என்பது. இங்கேதான் நம்மவர்கள் கையை விரிக்கிறார்கள். "அனுபவம் ஒன்றும் இல்லையே" என்பார்கள். கொழும்பில் புடவைக் கடையில் மூன்று வருஷம் நின்ற தம்பி, "விற்பனை உதவியாளர், 3 வருடம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். அவனிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் சரக்கு எண்ணியவன் அவன். முதலாளி இல்லாத நாட்களில் காசுப் பெட்டியைக் கணக்கு முடித்தவன் அவன். தமிழிலும் சிங்களத்திலும் வாடிக்கையாளரோடு பேசி, புதிதாக வந்த இரண்டு பையன்களுக்கு வேலை பழக்கியவனும் அவன்தான். இந்த நான்கையும் நான்கு வரியாக எழுதினால் படிப்பவருக்கு ஓர் ஆள் தெரிவான். அந்த முதல் வரியில் ஆளே தெரியவில்லை.

மொழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டப்புறத்து இளைஞர்களில் எத்தனையோ பேர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். அதைக் கோவையில் போடவே மாட்டார்கள், எல்லாருக்கும் வருவதுதானே என்று நினைப்பு. வடக்கிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கும் கொழும்பில் பிறந்த சிங்களப் பிள்ளைக்கும் பல சமயம் இல்லாத தகைமை, தமிழும் சிங்களமும் சேர்ந்து வருவது. பேச முடியுமா, வாசிக்க முடியுமா, எழுத முடியுமா என்று மூன்றையும் பிரித்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கோயில் திருவிழாக் கணக்கை இரண்டு வருஷம் வைத்திருந்தால் அதையும் எழுதலாம். பிள்ளைக் காம்பராவில் உதவியதும், நிவாரண முகாமில் பெயர்ப் பட்டியல் எடுத்ததும் எழுத வேண்டியவைதான். தொகையோ ஆட்களின் எண்ணிக்கையோ சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், ஆனால் கூட்டிச் சொல்லாதீர்கள்.

மேசன் வேலை, வயரிங், சமையல் என்று கடதாசி இல்லாமல் தொழில் பழகியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அரசின் தொழிற்பயிற்சி அமைப்பான நைட்டா முன்பு கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறது. எட்டு வருஷம் கட்டடங்களில் நின்றவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். இதை அறியாமல் இன்னும் பலர் "படிப்பு: 8ஆம் தரம்" என்று மட்டும் எழுதி நாட்கூலிக்குப் போகிறார்கள்.

விடவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சமயம், இனம், பெற்றோரின் தொழில், தேர்தல் தொகுதி, பொலிஸ் பிரிவு எல்லாம் பழைய படிவங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை; கேட்டால் ஒழியத் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்தை முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தவரா என்று பார்த்த பிறகே கோவையையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுங்கள். பரிந்துரையாளராக ஒருவரின் பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓய்வு பெற்று, போன் இலக்கமும் மாறிப்போன அதிபரின் பெயர் எத்தனை கோவைகளில் இன்னும் கிடக்கிறது! பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். அதில் பிழை இருந்தால் வேலை வந்த பிறகு திருத்தலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், இப்போதே பதிவாளரிடம் போங்கள்.

ஆனால் தோட்டத்தின் பெயரை மறைக்க வேண்டாம். லயத்து முகவரியைப் போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, கொழும்பில் மாமா வீட்டு முகவரியைப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வெறுங்கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். அப்படி ஒதுக்கும் முதலாளிமார் வெட்கப்பட வேண்டும். பீலியில் தண்ணீர் பிடித்து, விடியலில் மலையிறங்கி, பஸ் பிடித்துப் பாடசாலை போய்ச் சித்தியடைந்த ஒருவரின் முகவரி அது. மறைக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் இரண்டு நாள் அழைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, தன்னைப் பற்றித் தானே தமிழில் எழுதச் செய்யுங்கள். ஆங்கிலத்துக்கும் தட்டச்சுக்கும் பிறகு உதவலாம். ஹப்புத்தளையிலோ கொழும்பிலோ வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் ஊருக்கு வரும்போது ஒரு பிள்ளையின் கோவையை வாசித்து, புரியாத இடத்தில் பென்சிலால் கேள்வி போட்டுக் கொடுங்கள். எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; பிள்ளையே எழுதட்டும்.